கொள்ளின் தோலும் கல்யாணியின் கசப்பும்

சிங்கப்பூர்த் தேக்காவில் கொள்ளு கேட்டால் கடைக்காரர் முதலில் நம் வயிற்றைத்தான் பார்க்கிறார்.

"இளைக்கிறதுக்கா அண்ணே?" என்றார் பஃபலோ ரோட்டுக் கடைக்காரர், அரைக் கிலோப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி கடல் தாண்டியும் வியாபாரம் பார்க்கிறது. ஊறப் போட்டு எண்ணிப் பார்க்கப்போகிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பாரே என்று, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கடையின் அலமாரி ஒரு நல்ல வரலாற்றுப் புத்தகம். பக்கங்கள்தான் கலைந்து கிடக்கின்றன. நம்முடைய பாரம்பரியம் என்று பொட்டலத்தின் மேல் பெருமையாக அச்சடித்து விற்கிற கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவில் பயிராகி, பிறகு கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தவை. காராமணியும் அவரையும் அப்படித்தான். துவரையின் காட்டு உறவுகள் ஒடிசாப் பக்கத்துக் காடுகளில் இருக்கின்றன. மிளகாய்க்கு அமெரிக்கா. மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் அரிசி, தென்னிந்திய வயல்களுக்கு மிகவும் பிந்தி வந்த விருந்தாளி. அப்படியானால் தெற்கில் மனிதர்கள் முதன்முதலில் விதைத்து அறுத்தவை எவை? மூலையில், யாரும் சீந்தாத கீழ்த்தட்டில் இருக்கின்றன: கொள்ளும் பாசிப்பயறும். கூடவே இரண்டு சிறு புல் தானியங்கள். ஒன்று கன்னடத்தில் கொறலே. அண்மைக் காலமாகக் குலசாமை என்ற பெயரில் ஆர்கானிக் பொட்டலங்களில் எட்டிப் பார்க்கிறது. மற்றொன்று தினைக்கு உறவான ஒரு புல். அதை இன்று யாரும் கடையில் விற்பதில்லை, ஆடு மாடு மேய்வதோடு சரி.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பாதி. மீதிப் பாதி என் வீட்டு வாசல் தொட்டியில் பூத்திருக்கிறது. இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடத்தின் பெயர் மருத்துவமனைப் பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது: கேகே.

கேகே என்பது கண்டாங் கெர்பாவ். மலாயில் கண்டாங் என்றால் பட்டி, கெர்பாவ் என்றால் எருமை. எருமைப்பட்டி. ரோச்சோர் ஆற்றோரம் புல்லும் தண்ணீரும் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் தழைத்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, மாட்டு வணிகர் பெயர் தாங்கிய பெலிலியோஸ் ரோடு எல்லாம் அதன் எச்சங்கள். பக்கத்து ஃபேரர் பார்க்கில் 1840களில் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல் 1933 வரை இருந்தது. ஆங்கிலத்தில் 'குதிரைப் பயறு' என்று பெயர் வாங்கிய கொள்ளுக்கு அதைவிடத் தோதான அக்கம்பக்கம் வேறு கிடைத்திருக்காது. மாடும் குதிரையும் போய்விட்டன. இப்போது பொங்கலுக்குத் தேக்காவில் சில மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன.

எருமைப்பட்டியின் பெயரில் நடந்த மருத்துவமனை 1924இல் மகப்பேற்று மருத்துவமனையானது. 1966இல் ஓராண்டில் 39,835 பிரசவங்கள் பார்த்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1997இல் புக்கிட் தீமா சாலையில் புதிய கட்டடத்துக்கு மாறி, பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை ஆனது. இதற்குப் பிறகு வருவோம். முதலில் வேறு பட்டிகளைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூருடையதைவிட 4,000 ஆண்டுக்கு மேல் பழையவை.

தாமஸ் நியூபோல்டு என்ற மதராஸ் காலாட்படை அதிகாரி 1830களின் தொடக்கத்தில் தன் படைப்பிரிவோடு மலாக்காவுக்கு வந்தார். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பற்றி அவர் எழுதிய இரண்டு தொகுதி நூல் 1839இல் லண்டனில் வெளியானது. நம்மூர் வரலாறு எழுதுபவர்கள் இன்றும் புரட்டுகிற நூல் அது. ஆனால் இந்த மனிதர் இந்தியா திரும்பிய பிறகு செய்த வேறொரு காரியம் இங்கே பலருக்குத் தெரியாது. பெல்லாரிப் பக்கம் சுற்றியபோது, வறண்ட கருப்பு மண்ணுக்கு நடுவே வெளுத்துப்போன பெரிய பெரிய மேடுகளைப் பார்த்தார். மண் அல்ல, சாம்பல். சில இடங்களில் உருகி இறுகி, கொல்லன் உலைக் கசடுபோலக் கண்ணாடிப் பளபளப்போடு இருந்தது. 1843இல் ராயல் ஏஷியாடிக் சொசைட்டி இதழில் அந்த மேடுகளைப் பற்றி எழுதினார்.

ஊர்க்காரர்களுக்கு அதில் மர்மமே இல்லை. அரக்கர்களை எரித்த சாம்பல், அவ்வளவுதான். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் இருக்கும் மேடு வாலியின் சிதை என்பார்கள். அறிவியலாளர்கள் எரிமலை என்றார்கள், இரும்பு உலை என்றார்கள், பெண்கள் உடன்கட்டை ஏறிய இடம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் தான் சரியான திசையைக் காட்டினார்: இது மாட்டுச் சாணம். பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியை எடுத்துக் காட்டிய அதே ஃபூட். அவர் சொன்னதை வேதியியல் சோதனையில் உறுதிசெய்ய 1950களின் இறுதிவரை, சாய்னர் என்ற ஆய்வாளர் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில், 1957இல், ஆல்ச்சின் என்ற தொல்லியலாளர் தெலங்கானாவின் உத்னூர் மேட்டை வெட்டினார். அடுக்கடுக்காகச் சாம்பல். அடியில் வரிசை வரிசையாகக் கம்பம் நட்ட குழிகள். அவற்றுக்கிடையே, மாட்டுக் குளம்புத் தடங்கள். ஈரச் சாணத்தில் பதிந்து, எரிந்து, இறுகி அப்படியே நின்ற தடங்கள்! பட்டி கட்டினார்கள், மாடு அடைத்தார்கள், சாணம் முழங்கால் உயரம் ஏறியதும் கொளுத்தினார்கள், மறுபடி கட்டினார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக. இன்று இப்படி நூற்றுக்கும் மேல் மேடுகள் தெரியும்.

ஏன் கொளுத்த வேண்டும்? கிடை போட்டு வயலுக்கு உரம் சேர்க்கத் தெரிந்த நம் தாத்தாக்களுக்கு இது மகா வீண். உண்ணிக்கும் நோய்க்கும் பயந்து எரித்திருக்கலாம். ஆனால் ஆயிரம் டிகிரி சூடு வந்து சாம்பல் உருகுகிற அளவுக்கு எரிப்பதற்கு உண்ணி போதுமான காரணமாகப் படவில்லை. ஆல்ச்சினுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் போகிக்கும் பொங்கலுக்கும் போனார். சங்கராந்தியன்று கர்நாடகத்து ஊர்களில் மாட்டை நெருப்புத் தாண்ட வைக்கிற வழக்கத்தைச் சொல்லி, இந்த மேடுகளும் ஆண்டுக்கொருமுறை கூடிய மந்தைத் திருவிழாக்களின் சாம்பல் என்றார். நிரூபிக்க முடியாத ஊகம்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம்.

இந்த மக்கள்தான் தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள். காலம் சுமாராகக் கி.மு. 3000 முதல் 1200 வரை. பெரும்பாலும் வட கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. தமிழ்நாட்டின் வடமேற்குவரை அதன் வால் நீள்கிறது. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளோடு கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. ஜவ்வாது மலையில் அதே கோடரிகள் மரத்தடியில் சாமியாக நின்று பொட்டு வாங்கிக்கொண்டிருக்கின்றன. இவர்கள் பேசியது தமிழின் மூதாதையா என்று நாம் உடனே கேட்போம். தெரிந்த பழக்கம்தானே! பானை ஓடு பேசாது. அது பேசியதாகச் சொல்பவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கிறேன்.

பானை ஓடு பேசாவிட்டாலும் விதை பேசும், அதைக் கண்ணில் படவைக்கத் தெரிந்தால். பழைய அகழாய்வுகளில் மண்ணைத் தோண்டி, கோடரியையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டிவிடுவார்கள். கொட்டிய மண்ணில்தான் சாப்பாடு இருந்தது. 1990களின் இறுதியிலிருந்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டோரியன் ஃபுல்லரும், தார்வாடின் ரவி கோரிசெட்டரும், மற்றவர்களும் சங்கனகல்லு, ஹள்ளூர் போன்ற இடங்களில் செய்தது நம் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை: அரிசி களைவது. அடுப்பு இருந்த இடத்து மண்ணை வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் அலசுவார்கள். மண்ணும் கல்லும் அடியில் தங்கும். சமைக்கும்போது சிந்திக் கருகிய விதை, கரியாகிவிட்டதால் லேசு, மிதக்கும். மிதப்பதை நுண்ணிய வலையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பிரிப்பார்கள். பச்சை விதையாக இருந்திருந்தால் பூஞ்சையும் பூச்சியும் என்றைக்கோ முடித்திருக்கும். எந்த வீட்டுப் பெண்ணோ கவனிக்காமல் கருக விட்ட ஒரு கைப்பிடிப் பயறுதான் 4,000 ஆண்டு கடந்து வந்திருக்கிறது.

ஊருக்கு ஊர் அதே நால்வர் கூட்டணி மிதந்தது. கொள்ளு, பாசிப்பயறு, இரண்டு புல் தானியம். சில இடங்களில் கோதுமையும் வாற்கோதுமையும் ஓரமாக வந்தன. அரிசி அநேகமாக இல்லை. அதாவது தெற்கு, வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ விதையை வாங்கி உழவைத் தொடங்கவில்லை. தன் காட்டில் முளைத்ததைத் தானே பயிராக்கியது.

பயிராக்கியது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அதில் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் கொள்ளை வாங்கி வந்தேன்.

காட்டுப் பயறு அவசரப்படாது. முதல் மழையில் எல்லா விதையும் முளைத்து, பிறகு மழை பொய்த்தால் வம்சமே போச்சு. அதனால் தண்ணீர் புகாத கெட்டித் தோலைப் போர்த்திக்கொண்டு, சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பிறகு என்று தவணை முறையில் முளைக்கும். செடிக்கு அது காப்பீடு. உழவருக்கோ தலைவலி. விதைத்ததில் பாதி மண்ணுக்குள் தூங்கினால் என்ன சாப்பிடுவது?

பயறு வகைகளில் இந்தத் தூக்கம் எப்படிக் கலைந்தது என்பதில் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. ஒரு கட்சி சொன்னது: தூங்குகிற பயறை விதைத்தால் போட்ட விதைகூடத் திரும்பாது, யாரும் அதை விடாமல் விதைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆகவே காட்டிலேயே தூக்கம் குறைந்த செடியைப் பார்த்து எடுத்துத்தான் உழவு தொடங்கியிருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதிப்பது எப்படி? மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அளக்க வேண்டிய மெல்லிய தோல். அதுவும் கருகியது. வெட்டினால் பொடிந்துவிடும். பொடிந்தால் போனது போனதுதான், வேறு கொள்ளு இல்லை.

சார்லீன் மர்ஃபியும் ஃபுல்லரும் கருகிய கொள்ளை இங்கிலாந்தின் டயமண்ட் ஒளி நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளி வேகத்தில் சுற்றவிட்டு, அவை வளையும்போது சிந்துகிற எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் இடம். மருத்துவமனை சிடி ஸ்கேன் மாதிரிதான், ஆனால் ஒற்றைக் கொள்ளின் தோலில் உள்ள அடுக்குகளைப் பார்க்கும் அளவுக்குக் கூர்மை. விதையைத் தொடாமல், கீறாமல், வெவ்வேறு காலத்துக் கொள்ளின் தோலை அளந்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. கி.மு. 2000த்திலிருந்து கி.மு. 1200 வரை தோல் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. தடித்தது, பிறகு நடுத்தரம், பிறகு மெல்லியது என்று படிப்படியாக. 800 ஆண்டு! காட்டிலிருந்தே மெல்லிய தோலைத் தேர்ந்து எடுத்தார்கள் என்ற கட்சி, கொள்ளு விஷயத்தில் தோற்றது.

இந்த 800 ஆண்டில் யாரும் "தோல் மெலியட்டும்" என்று நினைக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நினைக்கத் தேவையுமில்லை. மழை பெய்ததும் முளைத்த செடி அறுவடையில் வந்தது. தூங்கிய விதை அறுவடைக்கு வரவில்லை. வந்ததிலிருந்துதான் அடுத்த ஆண்டு விதை. இதையே 800 தடவை செய்தால் போதும். முப்பது தலைமுறை உழவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஒரு செடியின் காவலைக் களைந்துவிட்டார்கள். நம் உணவுச் செடிகள் பலவற்றின் கதையும் இதுதான். முள்ளை உதிர்த்தோம், கசப்பைக் குறைத்தோம், தோலை உரித்தோம். காவல் இழந்த செடியை நாமே வேலி போட்டுக் காக்கிறோம். பட்டியில் அடைத்த மாடு மாதிரி.

ஆனால் முழுக்கக் களையவில்லை. நான் ஒரு கிண்ணத்தில் நூறு கொள்ளை எண்ணி ஊறப் போட்டேன். மறுநாள் காலை எல்லாம் ஊதிப் பருத்திருந்தன. அடியில் நாலைந்து மட்டும், போட்ட மேனிக்குச் சிறுத்துப் பளபளவென்று கிடந்தன. பயறு ஊறப் போடுகிற எல்லார் வீட்டிலும் இந்த நாலைந்து உண்டு. பல்லில் பட்டால் உயிர் போகும். அம்மா அவற்றைப் பொறுக்கி எறிவார். நான் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பூந்தொட்டியில் போட்டேன்.

அந்தத் தொட்டிக்கு இப்போது வருகிறேன்.

எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்கின் தாழ்வாரத்தில், ஆள் நடக்க வழி விட்டு, சுவரோரமாக ஒரு நித்தியகல்யாணி. ஐந்து இதழ், இளஞ்சிவப்பு, நடுவில் அடர்ந்த ஒரு கண். ஆண்டு முழுக்கப் பூக்கும், யாரும் கவனிக்காவிட்டாலும் பூக்கும். பூந்தோட்டக் கடையில் வாங்குகிற பெரிய பூ ஒட்டுரகங்கள் டிசம்பர் மழையில் தண்டு கறுத்து அழுகிப் போகும். நடைபாதை ஓரத்திலிருந்து பிடுங்கி வந்த இந்த நாட்டுச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அதை எதுக்குடா வாசல்ல வெச்சிருக்க? சுடுகாட்டுப் பூ" என்பார் அம்மா.

அம்மா தனியாள் இல்லை. கேரளத்தில் இதற்குச் சவக்கோட்டைப்பச்சை என்று பெயர். சிங்களத்தில் மினிமல், பிணப்பூ. கவனிப்பாரற்ற கல்லறை மண்ணிலும் வளர்வதால் வந்த பழி. அதே காரணத்துக்காகவே புகழும் வந்தது. நித்தியமும் கல்யாணமும் சேர்ந்த தமிழ்ப் பெயர் ஒரு பக்கம். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா சொல்லும் பெயருக்கு நீண்ட வசந்தத்தின் பூ என்று பொருள். இந்திக்காரருக்கு சதாபஹார், அதுவும் ஓயாத வசந்தம். மலாயில் கெமுந்திங் சீனா, எங்கிருந்தோ வந்தது என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஒரே செடிக்கு ஒரே மாடியில் இத்தனை ஜாதகம்.

கொள்ளை இளைக்க வைக்கும் மருந்தாக மட்டும் பார்க்கிற நாம், இந்தப் பூவை ஆதிகாலத்திலிருந்தே நம்முடன் இருப்பதாக நினைக்கிறோம். நிஜம் தலைகீழ். இது மடகாஸ்கர் தீவின் செடி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் தோட்டத்துக்கும், அங்கிருந்து லண்டன் செல்சி தோட்டத்துக்கும் போனது. கப்பல் போன துறைமுகமெல்லாம் பரவியது. நம் ஊருக்கு வந்து சில நூற்றாண்டு இருக்கலாம், அவ்வளவுதான்.

ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் கசியும். நாக்கில் வைக்க வேண்டாம், விஷம். ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நித்தியகல்யாணிக்கும் அந்தப் பெயர் பொருந்தும். ராமநாதபுரம், தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் இதை மருந்துக்காகப் பயிர்செய்பவர்களுக்கு ஆடு மாட்டுக் கவலை இல்லாததற்குக் காரணம் இந்தக் கசப்புதான். கொள்ளின் தோலை மெலிய வைத்ததுபோல இதன் கசப்பை யாரும் குறைக்கவில்லை. இதைத் தின்ன யாரும் நினைக்காததால் இதன் காவல் முழுசாக இருக்கிறது.

அந்தக் காவலின் ஏற்பாடு பிரமாதமானது. செடி முதலில் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருளைச் செய்து உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு பையில் பூட்டி வைக்கிறது. அதைக் கொடிய விஷமாக மாற்றுகிற நொதியை உயிரணுவின் உட்கருவில் தனியாக வைக்கிறது. சும்மா இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. புழு கடித்தால் சுவர் கிழியும், இரண்டும் கலக்கும், புழு செத்தது. வெடிமருந்தையும் திரியையும் வேறு வேறு அறையில் வைப்பதுபோல.

மனிதர்கள் இந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்கு நாடினார்கள். ஜமைக்காவில், பிலிப்பைன்ஸில், நம் ஊரிலும் இலையைக் கஷாயம் வைப்பவர்கள் உண்டு. 1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். கிளார்க் நோபிளுக்கும் இன்சுலினுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1921இல் டொரோண்டோவில், இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பான்டிங்குக்கு உதவியாளராக யார் போவது என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்த சார்லஸ் பெஸ்ட் வரலாற்றில் இடம்பிடித்தார். தோற்றவர் நோபிள். அவர் அந்த உறையை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார்.

ராபர்ட் எலிகளுக்குக் கஷாயத்தை வாய்வழி கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டார். அப்போதும் சர்க்கரை அசையவில்லை, ஆனால் எலிகள் ஒரு வாரத்துக்குள் கிருமித் தொற்றில் செத்தன. இத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஏன் தொற்று என்று ரத்தத்தைப் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்று! சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார், 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் கோர்டன் ஸ்வொபோடாவின் குழுவும் இதே செடியில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டுக்கும் வேறுபாடு மூலக்கூறின் ஒரு மூலையில் சில அணுக்கள் மட்டுமே. மடகாஸ்கருக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது நுண்குழல்கள் கயிறுபோல நீண்டு குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும். டியூபுலின் என்ற செங்கல்லால் ஆனவை அந்தக் குழல்கள். வின்கிரிஸ்டின் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு அடுக்க விடாது. பிரியத் தொடங்கிய உயிரணு நடுவழியில் நின்று சாகும். ஓயாமல் பிரிகிற புற்றணுவுக்கு அடி அதிகம். ஆனால் நரம்புகளுக்கும் அதே குழல்கள்தான் தண்டவாளம். அதனால்தான் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது.

கேகே என்று சொன்னேன் அல்லவா. சிங்கப்பூரில் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை தருகிற முக்கிய இடங்கள் இரண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று, எருமைப்பட்டி மற்றொன்று. அந்த வார்டுகளில் ஒரு சிறு பை தொங்கும். நிறமற்ற தெளிந்த திரவம், குளிர்பதனத்தில் வைத்து எடுத்தது. மேலே எச்சரிக்கைச் சீட்டு: சிரையில் மட்டுமே, வேறு வழியில் செலுத்தினால் உயிர்போகும். முதுகுத் தண்டில் போடும் மருந்தோடு மாறிவிடக் கூடாது என்பதற்காகவே ஊசிக்குழலில் இல்லாமல் பையில் கரைத்து ஏற்றுகிறார்கள். செடி தன் இரண்டு அறைகளைக் கவனமாகப் பிரித்து வைக்கிறது, தாதியரும் அப்படியே.

1960களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தையில் ஒன்று பிழைப்பதே அரிது. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் ஏறக்குறைய ஒன்பது பிழைக்கின்றன. பூ ஒன்றே இதைச் சாதித்தது என்று வாட்ஸ்அப்பில் வரும். நம்பாதீர்கள். பல மருந்துகளைக் கோத்து, ஆண்டுக்கணக்கில் கொடுத்து, ஒவ்வொரு சோதனையிலும் அளவைத் திருத்தித்தான் இங்கே வந்திருக்கிறார்கள். அதில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய 'மா-ஸ்போர்' ஆய்வில் 556 குழந்தைகள். சிகிச்சைக்குப் பிறகு உடம்பில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களை மரபணு அடையாளத்தால் எண்ணினார்கள். மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தார்கள். பிழைப்பது குறையவில்லை. பேராசிரியர் ஆலன் யோவின் குழு 2012இல் வெளியிட்ட முடிவு இது. புதுப்புது மருந்தைச் சேர்ப்பதே முன்னேற்றம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஆய்வை நான் அடிக்கடி சொல்வேன்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கிராம் வின்கிரிஸ்டினை இலையிலிருந்து நேராகப் பிரிக்கச் சுமார் 2,000 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவைக்குச் சுமார் ஒரு மில்லிகிராம். ஆக ஒரு பைக்கு இரண்டு கிலோ காய்ந்த இலை. என் தொட்டிச் செடியை மொட்டையடித்தாலும் ஒரு கைப்பிடி தேறாது.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? அதன் இரட்டைப் பிறவியான வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் சேர்ந்தது: கேத்தரந்தின், விண்டோலின். கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் டி லூக்காவின் குழு 2010இல் காட்டியது என்னவென்றால், செடி கேத்தரந்தினை இலையின் மேற்பரப்பு மெழுகுக்குத் தள்ளிவிடுகிறது, விண்டோலினை உள்ளே வைத்துக்கொள்கிறது. இரண்டும் சந்தித்தால்தானே சேரும்! அதனால் தொழிற்சாலைகள் இரண்டு பாதியையும் தனித்தனியே எடுத்து, ஆய்வகத்தில் கோக்கும் வழியையும் கண்டுபிடித்தன. செடியே முப்பது படிக்கு மேல் ஏறித்தான் அங்கே போகிறது. அந்தப் படிகளில் கடைசியாக மறைந்திருந்த நொதிகளை இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் சாரா ஓ'கானரின் குழு 2018இல் பிடித்தது. அந்தப் பட்டியலைக் கொண்டு 2022இல் ஜே கீஸ்லிங் உள்ளிட்டோர் ஈஸ்டின் மரபணுவில் 56 திருத்தம் செய்து, அதை விண்டோலினும் கேத்தரந்தினும் செய்ய வைத்தார்கள். மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட்.

இது வெறும் ஆய்வக வித்தை என்று தள்ள முடியாது. 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று விலக, மற்றதால் ஈடுகொடுக்க முடியாமல் போக, மருத்துவமனைகள் பிள்ளைகளின் மருந்தை ரேஷன் போட வேண்டி வந்தது. ஈஸ்ட் தொட்டியில் கிடைப்பது இன்னும் மிகச் சொற்பம். தூத்துக்குடிச் செடிக்கு இப்போதைக்கு வேலை போகாது. ஆனாலும் எனக்குப் படுவது இது. சங்கனகல்லுக்காரர்கள் 800 ஆண்டு எடுத்துத் தெரியாமல் செய்ததை இவர்கள் தெரிந்து செய்கிறார்கள், திசைதான் வேறு. அவர்கள் செடியின் காவலை நீக்கினார்கள். இவர்கள் காவலை மட்டும் கழற்றி எடுத்து வேறொரு உயிருக்கு மாட்டுகிறார்கள். ஈஸ்ட் இவர்களுடைய மந்தை.

தொட்டியில் எறிந்த கொள்ளை மறந்தே போனேன். ஏழெட்டு வாரம் இருக்கும், தண்ணீர் ஊற்றும்போது பார்த்தால் நித்தியகல்யாணியின் தண்டைச் சுற்றி மெல்லிய கொடி ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது, மூன்று மூன்று இலையாக. ஊறாமல் கிடந்தவற்றில் ஒன்று தன் சௌகரியப்படி விழித்திருக்கிறது. வயலாக இருந்தால் இந்நேரம் மற்றவை பூத்திருக்கும், இது அறுவடைக்கு வந்து சேராது.

அடுத்த வீட்டு மலாய் மாச்சிக் லிஃப்டுக்குப் போகிற வழியில் நின்று குனிந்து பார்த்தார். பூவைத் தொட்டு "கெமுந்திங்" என்றவர், கொடியைத் தொட்டு, "இனி காச்சாங் அப்பா?" என்றார். இது என்ன பயறு?